சிம்பன்சியின் பின்னங்கால்: காலா, கையா?

கொத்துமல்லி:
ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வண்டலூர் போயிருந்தோம். சிம்பன்சி அடைப்புக்கு முன்னால் மட்டும் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டோம். அதில் ஒன்று மல்லாந்து படுத்துக்கொண்டு, தடித்த தண்டு ஒன்றை ஒரு காலால் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் பட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தது. இன்னொரு காலில் அடுத்த தண்டு தயாராக இருந்தது, பந்தியில் இரண்டாவது அப்பளத்தை ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொள்வார்களே அந்த மாதிரி.

ஏழாவது படிக்கும் மகள் கேட்டாள்: "அப்பா, அதுக்கு நாலு கையா?" நான் ஆமாம் என்றேன். மனைவி இல்லை என்றாள். மகள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "நாலும் கைன்னா அது எதுல நிக்குது?" என்று கேட்டாள். பதில் இல்லை. இங்கே விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள். சிம்பன்சிக்குப் பின்னால் இருப்பது காலா, கையா?

பழையசோறு:
கைதான், இதில் என்ன சந்தேகம்? கட்டைவிரல் தனியாகப் பிரிந்து, மற்ற விரல்களுக்கு எதிரே வந்து பொருளைப் பிடித்தால் அது கை. என் தம்பி கட்டிலை விட்டு இறங்காமல் கீழே கிடக்கும் டிவி ரிமோட்டைக் காலாலேயே எடுப்பான். அவனைத்தான் எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

எலும்பன்:
கொத்துமல்லி சார், உங்கள் வீட்டில் நடந்த சண்டைக்கு வயது முந்நூறுக்கு மேல்.

நான் பிசியோதெரபிஸ்ட். பாதம்தான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1699-ல் லண்டனில் எட்வர்ட் டைசன் என்ற மருத்துவர், அங்கோலாவிலிருந்து கப்பலில் வந்து இறந்துபோன ஒரு குட்டிச் சிம்பன்சியை அறுத்துப் பார்த்துப் புத்தகம் போட்டார். பின்னங்காலைப் பார்த்தவர் இது 'நாலு கை' உள்ள பிராணி என்று எழுதினார். பிறகு வந்த புளூமன்பாக், குவியே போன்ற பெரிய தலைகள் அதையே வகைப்பாடாக்கினார்கள். மனிதன் 'இரு கையன்', குரங்கினம் மொத்தமும் 'நாற்கையன்'. மனிதனைத் தனி வரிசையில் உட்கார வைக்க அது வசதியாக இருந்தது.

1863-ல் தாமஸ் ஹக்ஸ்லி என்ற ஆங்கிலேய உயிரியலாளர் இதைத் திருப்பிப் போட்டார். அவர் எடுத்துக்கொண்டது கொரில்லா. சிம்பன்சிக்கும் அதே கதைதான். வெளியே தெரிவதை விடுங்கள், தோலை உரித்து எலும்பையும் தசையையும் பாருங்கள் என்றார். மணிக்கட்டு எலும்புகள் அடுக்கியிருக்கும் விதம் வேறு, கணுக்கால் எலும்புகளின் அடுக்கு வேறு. பாதத்துக்கென்றே உள்ள மூன்று தசைகள் கையில் கிடையாது: விரல்களை மடக்கும் ஒரு குட்டைத் தசை, நீட்டும் ஒரு குட்டைத் தசை, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் கிளம்பிப் பாதத்தின் அடியில் குறுக்கே ஓடிப் பெருவிரலின் அடியெலும்பில் போய் முடிகிற ஒரு நீளத் தசை. மூன்றும் கொரில்லாவின் பின்னங்காலில் இருக்கின்றன. எனவே அது பிடிக்கத் தெரிந்த கால். கை இல்லை.

எண்ணிக்கையும் நம்முடையதுதான். கணுக்கால் பக்கம் 7, நடுவில் 5, விரல்களில் 14, மொத்தம் 26 எலும்பு. நமக்கும் 26, சிம்பன்சிக்கும் 26.

உங்கள் மனைவி சொன்னதே சரி. ஒப்புக்கொண்டுவிடுங்கள், வீட்டில் அமைதி நிலவும்.

பழையசோறு:
எலும்பைப் பார்த்துப் பேர் வைப்பதா, செய்யும் வேலையைப் பார்த்துப் பேர் வைப்பதா? வவ்வால் சிறகிலும் கை எலும்புதான் இருக்கிறது. அதற்காக அதைக் கை என்றா கூப்பிடுகிறோம்?

எலும்பன்:
நல்ல கேள்வி. ஆனால் வேலையைப் பார்த்துப் பேர் வைத்தால் முதலில் மாட்டுவது நாம்தான். ஹக்ஸ்லி அதையும் சொல்கிறார். சீன ஓடக்காரர்கள் காலால் துடுப்புப் போடுகிறார்களாம், வங்காளத்து நெசவாளர்கள் கால்விரலை வைத்து நெய்கிறார்களாம். நம் பாதம் விறைத்துக் கிடப்பதில் பாதி, சின்ன வயதிலிருந்து செருப்புக்குள் அடைத்து வைத்த பழக்கம் என்பது அவர் கருத்து.

உடன்குடி_கருப்பட்டி:
வங்காளம் வரை ஏன் போகவேண்டும்? எங்கள் ஊர்ப்பக்கம் தென்னங்கீற்று முடைகிற ஆத்தாக்களைப் பாருங்கள். மட்டையைக் காலால் மிதித்து, ஓலை நுனியைப் பெருவிரல் இடுக்கில் கவ்விக்கொண்டுதான் பின்னுவார்கள். பேச்சும் நிற்காது, பின்னலும் நிற்காது.

கம்பாலாக்காரன்:
வேலை நிமித்தமாக ஆறு வருடமாக உகாண்டாவில் இருக்கிறேன். கிபாலே காட்டில் கன்யாஞ்சு என்ற இடத்திலிருந்து சிம்பன்சி பார்க்கக் கூட்டிப் போவார்கள். இரண்டு தடவை போனேன். நூலறிவு எனக்கு இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் தடவை கூட்டம் முழுக்க அத்திமரத்து உச்சியில் இருந்தது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று ஒரு பெரிய ஆண் இறங்க ஆரம்பித்தது. நம்மை மாதிரியே காலை முன்னுக்கு விட்டுத்தான் இறங்குகிறது, தலைகீழாக இல்லை. அதனால் முதலில் எங்கள் பக்கம் வந்தது பாதம்தான். உள்ளங்கால் கறுத்து, சுருக்கம் சுருக்கமாக, பழைய தோல் செருப்பின் அடி மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் பெருவிரல் அகல விரிந்து மரத்தைத் தேடும், ஒட்டியதும் மற்ற நாலு விரலும் எதிர்ப்பக்கம் வளைத்துக்கொள்ளும். அப்புறம்தான் மேலே கை விடும். எங்களுக்குப் பத்தடி தள்ளித் தரையில் இறங்கியது. இறங்கியதும் அந்தக் காலே வேறு மாதிரி ஆகிவிட்டது. விரல் முட்டியைத் தரையில் ஊன்றி நடந்ததே, அது கை. பின்னால் வந்தது உள்ளங்கால் முழுக்கப் பதிய, குதிகால் உட்பட. கைக்கு முட்டி, காலுக்குப் பாதம். அதைப் பார்த்தபோது எனக்கு நாலு கை என்று தோன்றவே இல்லை.

இன்னொன்று. நடக்கும்போது பின்னங்கால் முன்னங்கையைத் தாண்டி விழும். கையில் இடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கால் கைக்கு உள்பக்கமாகவும் மற்றொன்று வெளிப்பக்கமாகவும் போகிறது. அதனால் உடம்பே கொஞ்சம் கோணலாகப் போவது போல இருக்கும்.

கொத்துமல்லி:
அண்ணே, படம் எடுத்தீர்களா?

கம்பாலாக்காரன்:
எடுத்தேன். முக்கால்வாசி இலைதான் விழுந்திருக்கிறது. பழைய போனில் கிடக்கிறது, தேடிப் போடுகிறேன்.

எலும்பன்:
கிபாலே என்றதும் கை பரபரக்கிறது. அதே காட்டில் ஜெரமி டிசில்வா என்ற அமெரிக்க ஆய்வாளர் சிம்பன்சிகள் மரம் ஏறுவதை வீடியோ எடுத்துக் கணுக்கால் மடிப்பை அளந்து 2009-ல் வெளியிட்டார். ஏறும்போது பாதத்தின் மேல்பக்கம் முழங்காலை நோக்கிச் சராசரியாக 45 டிகிரி மடிகிறது. என்னிடம் வரும் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இதில் பாதி வந்தாலே நான் சந்தோஷப்படுவேன். அவ்வளவு மடிவதால்தான் சிம்பன்சியால் உடம்பை மரத்தோடு ஒட்டி வைத்து ஏற முடிகிறது. ஒட்டி இருந்தால் பின்னால் சாய்க்கும் விசை குறைவு.

அடுத்தது நடுப்பாதம். சிம்பன்சி குதிகாலைத் தூக்கும்போது பாதம் நடுவில் மடியும். குதி மேலே வந்துவிடும், நடுப்பகுதி இன்னும் தரையில் இருக்கும். கிளையைச் சுற்றி வளைக்க அது தேவை. நமக்கு அந்த இடத்தில் தசைநார்கள் இறுக்கிக் கட்டி வளைவாக நிற்கின்றன, குதியைத் தூக்கினால் பாதம் மொத்தமாக எழுந்து விரலடியில் நிற்கும். ஆனால் இதே டிசில்வா 2013-ல் பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த 398 பேரை வெறுங்காலோடு நடக்கவிட்டுப் பார்த்ததில், ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு நடுப்பாதம் மடிந்தது. எல்லாம் சாதாரணமாக நடந்து வந்தவர்கள், அப்படி ஒன்று தங்களுக்கு இருக்கும் என்று நினைத்தே பார்க்காதவர்கள்.

அதனால் 'மனிதப் பாதம் விறைப்பு, குரங்குப் பாதம் நெகிழ்வு' என்று படித்ததையும் ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் இரண்டையும் முப்பரிமாணத்தில் அளந்தபோது, ஒரு அடியின் மொத்தக் கணக்கில் நடுப்பாதம் அதிகம் அசைவது மனிதனுக்குத்தான் என்று வந்தது. நம்முடையது கடைசி உந்தலில், எதிர்த் திசையில் அசைகிறது. கல்லூரியில் நான் வேறு மாதிரி படித்தவன், எனக்கே அது அடிதான்.

பழையசோறு:
அட, சிட்டிகை உப்பெல்லாம் வேண்டாம் சார், உங்களுக்கு பிபி இருக்கிறது.

உடன்குடி_கருப்பட்டி:
மரம் ஏறுவது பற்றிப் பேசுகிறீர்கள், நான் சும்மா இருக்க முடியாது. எங்கள் அப்பா பனையேறி. காலையில் ஏறி, மாலையில் ஏறி, நாற்பது வருடம். காலில் தளைநார் மாட்டிக்கொள்வார். தெரியாதவர்களுக்கு: நாரில் முறுக்கிய வளையம், இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பிடிக்கும். உள்ளங்கால் இரண்டும் உள்பக்கம் திரும்பி மரத்தை அணைத்துக்கொள்ளும், பாதம் விலக முடியாது. அப்பாவுக்குக் கால் மடியும் மடிப்பைப் பார்த்தால் டாக்டர் பயந்துவிடுவார். தரையில் உட்கார்ந்து பாதத்தை மேலே மடக்கினால் முழங்கால் பக்கம் வந்து நிற்கும்.

எலும்பன் சார் சொன்னதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான். சிம்பன்சிக்குப் பெருவிரல் செய்கிற வேலையை எங்களுக்கு அந்த நார் செய்கிறது. விரல் போன இடத்தில் கயிறு.

எலும்பன்:
உடன்குடி அண்ணாச்சி, இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் உருப்படியான வரி.

அப்பா கணுக்கால் பற்றி: உகாண்டாவில் துவா என்ற வேடர்கள் தேனுக்காகக் கொடி, மரம் ஏறுகிறவர்கள். அவர்கள் கால் சிம்பன்சி அளவுக்கு மடிவதை 2013-ல் காட்டினார்கள். பக்கத்து ஊர் விவசாயிகளோடு ஒப்பிட்டால் எலும்பில் ஒன்றும் வித்தியாசமில்லை. கெண்டைக்கால் தசையின் நார்கள் மட்டும் நீளம். அதாவது சின்ன வயதிலிருந்து ஏறி ஏறித் தசை நீண்டிருக்கிறது. இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. பழைய கணுக்கால் எலும்பு ஒன்றைத் தோண்டி எடுத்து "இது மனிதன் மாதிரி, எனவே மரம் ஏறியிருக்காது" என்று சொல்வது வழக்கம். உங்கள் அப்பாவின் கணுக்கால் எலும்பைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

வெண்ணிலா77:
ஆலிவர் என்று ஒரு சிம்பன்சி மனிதனைப் போலவே நிமிர்ந்து நடந்ததே, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பிறந்தது என்று யூடியூபில் பார்த்தேன்.

எலும்பன்:
மேடம், அந்தக் கதை 1970-களில் கிளம்பியது. 1990-களில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 48 குரோமோசோம், சாதாரணச் சிம்பன்சிக்கு எத்தனையோ அத்தனை. கலப்புப் பிறவி என்றால் 47 வந்திருக்க வேண்டும். டெக்சாஸில் ஒரு காப்பகத்தில் 2012-ல் செத்துப்போனது. சின்ன வயதிலிருந்தே மனிதர்களோடு வளர்ந்தது, நிமிர்ந்து நடக்கப் பழகிக்கொண்டது, அவ்வளவுதான்.

பழக்கம் என்றால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் காட்டிலேயே உதாரணம் உண்டு. 1966-ல் தான்சானியாவில் கோம்பே சிம்பன்சிகளிடையே போலியோ பரவியது. சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் அங்கே இருந்த காலம். ஃபேபன் என்று அவர் பெயரிட்ட ஆணுக்கு ஒரு கை போயிற்று. முட்டி ஊன்றி நடக்க முடியாதல்லவா, நிமிர்ந்து இரண்டு காலில் வெகுதூரம் நடக்கத் தொடங்கிவிட்டது. இன்னொன்று, மிஸ்டர் மெக்ரெகர், அதற்குக் கால் இரண்டும் போயிற்று. கையால் உடம்பை இழுத்துக்கொண்டு திரிந்தது. கை போனதற்கு வழி இருந்தது, கால் போனதற்கு இல்லை.

பழையசோறு:
சரி, நிமிர்ந்து நடக்க முடியும் என்றால் ஏன் எப்போதும் நடப்பதில்லை?

எலும்பன்:
கட்டுப்படியாகாது. 2007-ல் சிம்பன்சிகளை ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு மூச்சை அளந்தார்கள். ஒரே தூரத்துக்கு நாம் செலவழிப்பது அவற்றின் செலவில் கால்பங்கு. அவை நாலு காலில் நடந்தாலும் இரண்டு காலில் நடந்தாலும் கிட்டத்தட்ட அதே கணக்கு. இடுப்பும் முழங்காலும் மடிந்தே இருப்பதால் தசை ஓய்வில்லாமல் தாங்க வேண்டும். குதிகாலுக்கு மேலே நமக்கு நீண்ட நாண் இருக்கிறது, ஸ்பிரிங் மாதிரி. அவற்றுக்கு அது மிகக் குட்டை.

லாபம் இருந்தால் நடக்கும். கினியில் பொசூ என்ற இடத்தில் ஆய்வாளர்கள் சாதாரணப் பனங்கொட்டையையும் (எண்ணெய்ப் பனை, நம் பனை இல்லை) அந்தப் பக்கம் கிடைக்காத கூலா என்ற கொட்டையையும் போட்டு வைத்தார்கள். அரிய கொட்டை என்றதும் வாயில், கையில், காலில் அடைத்துக்கொண்டு இரண்டு காலில் நடப்பது கூடியது. அங்கே தோட்டத்தில் பப்பாளி திருடிக்கொண்டு ஓடுவதும் அப்படித்தான்.

தேரழுந்தூரான்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். கால் பிடி என்றதும் எனக்கு மர்க்கட நியாயம் நினைவுக்கு வந்தது. குரங்குக்குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்கிறது, பூனைக்குட்டியைத் தாய் கவ்விப்போகிறது. வைணவத்தின் வடகலை தென்கலை வாதத்தில் அடிக்கடி வரும் உவமை, குரங்கு வடகலைக்கு, பூனை தென்கலைக்கு. சிம்பன்சிக் குட்டியும் காலால் பற்றிக்கொள்ளுமா?

கம்பாலாக்காரன்:
ஐயா, நான் பார்த்தேன். தாயின் வயிற்று முடியை நாலு பக்கமும் பிடித்துத் தொங்கும். ஆனால் கூட வந்த வழிகாட்டி ஒன்று சொன்னார். பிறந்து முதல் சில வாரம் பிடி போதாது, தாய் ஒரு கையால் தாங்கிக்கொண்டே நடக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் முதுகில் ஏறிச் சவாரி.

தேரழுந்தூரான்:
அப்படியானால் சிம்பன்சி முதலில் தென்கலை, பிறகு வடகலை. பெரியவர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன், அடி விழுந்தால் எலும்பன் சாரிடம் வருகிறேன்.

மட்டுறுத்துநர்:
நாமச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வேண்டாம்.

கம்பாலாக்காரன்:
பயணம் முடிந்து வந்ததும் வெறி பிடித்துத் தேடித் தேடிப் படித்தேன். அதில் கிடைத்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது சியரா லியோன் கதை. டெங்கெரே என்ற இடத்தில் சிம்பன்சிகள் இலவ மரம் ஏறுகின்றன, நம் இலவம்பஞ்சு மரமேதான். அடிமரத்திலும் கிளையிலும் கூரான முள். காய் வேண்டும், கால் குத்தும். என்ன செய்கின்றன தெரியுமா? குச்சியை ஒடித்துப் பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் கவ்விக்கொண்டு, அதை மிதியடியாக்கி முள்மேல் நிற்கின்றன. உட்காரும் இடத்திலும் குச்சி வைத்துக்கொள்கின்றன. ரோசலிண்ட் ஆல்ப் என்ற ஆய்வாளர் 1997-ல் எழுதியது. இலவு காத்த கிளி ஏமாந்தது, இது செருப்புப் போட்டுக்கொண்டு போய்த் தின்றுவிட்டது.

யோசித்துப் பாருங்கள், நமக்கும் விரல் இடுக்கில் வார் வைத்துத்தான் செருப்பு.

அப்புறம் காங்கோவில் குவாலுகோ என்ற காடு. கரையான் கூடு தரைக்கடியில் இருக்கும். தடித்த குச்சியை நிமிர்த்தி வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, போதாததற்குக் காலாலும் அழுத்தி மண்ணில் இறக்குகின்றன. மண்வெட்டி போடுகிறவன் காலால் அமுக்குவது மாதிரியே. துளை விழுந்ததும் குச்சியை உருவிவிட்டு, நுனியைப் பல்லால் கடித்துத் தூரிகையாக்கிய மெல்லிய தண்டை உள்ளே விட்டுக் கரையான் எடுக்கின்றன.

சாயங்காலம் கூடு கட்டுவதிலும் கால்தான் மேஸ்திரி. கிளையை வளைத்துக் காலடியில் அமுக்கிக்கொண்டு, கையால் அடுத்த கிளையை வளைக்கும். மரத்தின் பலகை வேரைக் கையால் பிடித்துக்கொண்டு காலால் உதைத்து முரசடிப்பதைக் காதால் கேட்டேன், பார்க்கவில்லை. காட்டுக்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கேட்கும் என்கிறார்கள். எனக்கு முதலில் இடி என்றே நினைப்பு.

கொத்துமல்லி:
மகளிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். செருப்புக் கதைக்கு அப்படி ஒரு சிரிப்பு. ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறாள்: நமக்கு மட்டும் அந்த விரல் ஏன் போச்சு?

எலும்பன்:
பாப்பாவுக்குச் சொல்லுங்கள்: ஒரே நாளில் போகவில்லை, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் போகவும் இல்லை. எத்தியோப்பியாவில் கிடைத்த ஆர்டி என்ற ஆதி மூதாதை எலும்புக்கூடு, 44 லட்சம் வருடம் பழையது, தரையில் நிமிர்ந்து நடந்தது என்கிறார்கள், ஆனால் பெருவிரல் பிரிந்துதான் இருந்தது. தான்சானியாவில் லேட்டோலி என்ற இடத்தில் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடித் தடங்கள், 36 லட்சம் வருடத்துக்கு மேல், அதில் பெருவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்துவிட்டது. கதை முடிந்தது என்று நினைத்தால், அதற்கும் பிந்திய 34 லட்சம் வருடத்துப் பாதம் ஒன்று எத்தியோப்பியாவில் புர்டேலே என்ற இடத்தில் கிடைத்தது. அதில் விரல் பிரிந்தே இருக்கிறது. ஒரே காலத்தில் இரண்டு விதப் பாதமும் நடமாடியிருக்கின்றன.

விரல் நீளமும் குறைந்தது. கால்விரல் இப்போதிருப்பதைவிட 20 சதவீதம் நீளமாக இருந்தாலே ஓடும்போது விரலை மடக்கும் தசைகளுக்கு வேலை இரட்டிப்பாகும் என்று 2009-ல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மரத்தை விட்டவனுக்கு நீள விரல் வீண் செலவு. சிம்பன்சி மரத்தை விடவில்லை, எனவே விரலையும் விடவில்லை. அது பாதி வழியில் நின்றுபோன நம் கால் இல்லை, அதன் வேலைக்கு முழுசாகப் பொருந்திய கால்.

கம்பாலாக்காரன்:
ஒரு வருத்தமான விஷயமும் இருக்கிறது. உகாண்டாவில் புடொங்கோ காட்டில் மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் வைக்கும் கம்பிக் கண்ணியில் சிம்பன்சிகள் மாட்டுகின்றன. கம்பியை அறுத்துக்கொண்டு ஓடிவிடும், ஆனால் முடிச்சு இறுகிக் கையோ பாதமோ அழுகி விழும். அங்கே ஆய்வு நடக்கும் சோன்சோ கூட்டத்தில் நான்கில் ஒன்றுக்கு மேல் இப்படி ஊனப்பட்டவை. பாதத்தை இழந்த சிம்பன்சியும் மரம் ஏறுகிறது, மெதுவாக. மெக்ரெகர் கதையைப் படித்ததும் இது ஞாபகம் வந்தது.

உடன்குடி_கருப்பட்டி:
அப்பாவிடம் சொன்னேன். "பாவம், தளைநார் கூட இல்லாமல் எப்படி ஏறுது?" என்று கேட்டார்.

கொத்துமல்லி:
நேற்று மொட்டைமாடியில் பக்கெட்டில் தண்ணீர் வைத்து எல்லோரும் ஈரக்காலோடு நடந்தோம். மகளுக்கு வளைவு அழகாக விழுந்தது. எனக்குப் பாதம் முழுக்கப் பதிந்தது, கரடி மாதிரி. என் அம்மாவுக்குப் பெருவிரல் மட்டும் தனியாகத் தள்ளி விழுந்தது. கல்யாணம் ஆகும்வரை செருப்பே போட்டதில்லையாம். மகள் சாக்பீஸால் மூன்றையும் கோடு போட்டு வைத்திருக்கிறாள், யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாதாம்.

கம்பாலாக்காரன்:
பழைய போன் கிடைத்துவிட்டது. படம் ஏற்றியிருக்கிறேன். இலை மறைக்கிறது, வலது ஓரம் பாருங்கள். கிளையைச் சுற்றிக் கறுப்பாக அஞ்சு விரல் தெரிகிறதா?

பழையசோறு:
தெரிகிறது அண்ணே. கை நல்லா விழுந்திருக்கு.

கம்பாலாக்காரன்:
தம்பி, அது கால்.

பழையசோறு:
...

கொத்துமல்லி:
மனைவி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டாள்.